வண்டியைத் திருப்பிடுவேன்

அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு சின்ன ஊர். டெல்பர்ட் வேலை பார்த்த டயர் தொழிற்சாலையை ஜூலையில் ஒரு வாரம் மூடுவார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த அவன் மனைவி வெர்னாவுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வாரம் ஏரிக்குப் போய்வருவதுதான் வருஷத்தில் ஒரே பயணம். போகும் வழியெல்லாம், பின்சீட்டில் பிள்ளைகள் மூச்சு விட்டாலே, டெல்பர்ட், "வீட்டுக்கே வண்டியத் திருப்பிடுவேன்" என்று உறுமுவான். ஒரு வருஷமும் திருப்பியதில்லை. கையைத்தான் பின்னால் வீசுவான். யார் முகம் அகப்படுகிறதோ அதில் விழும்.

இந்த வருஷம் சின்னவள் ஜோலீனின் உதடு கிழிந்தது. பெட்ரோல் போட்டுவிட்டு, சாவியை வண்டியிலேயே விட்டு அவன் சிகரெட் வாங்கப் போனதும், வெர்னா டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தாள். ஓடிவந்தவன் ஜன்னல் வழியே அவள் மயிரைப் பற்றிக் கதவுச் சட்டத்தில் மோதினான். அவள் கனத்த காபி பிளாஸ்க்கை எடுத்து அவன் விரல்களில் ஓங்கி அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் பிள்ளைகளுக்கும் கேட்டது.

"எங்கடி போற?" என்றான், கையை வயிற்றோடு இறுக்கிக்கொண்டு.

"வருஷா வருஷம் திருப்புறேன் திருப்புறேன்னு சொன்னியே தவிர, உனக்குத் துப்பில்ல. நான் திருப்புறேன்."

வண்டி வந்த வழியே திரும்பியது. ரத்தத்தை விழுங்கியபடி ஜோலீன் கேட்டாள்: "லீவு முடிஞ்சுபோச்சாம்மா?"

"உங்கப்பனுக்கு முடிஞ்சுது."