எதிர்காற்றில் மிரெயா

சிலி நாட்டின் தென்கோடியில் இருக்கும் புந்தா அரேனாஸில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் மிரெயா பார்ரியாவின் குரலைத் தெரியும் என்பார்கள். தொலைபேசி இல்லாத ஆட்டுப் பண்ணைகளுக்கு வானொலியில் சேதி வாசித்தவள் அவள். நண்பகலில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, வியாழக்கிழமை லாரியில் பூட்ஸ் வருகிறது, அத்தை செத்துப்போனாள், குதிரையோடு பாலத்தடியில் காத்திரு. பண்ணைகளில் அந்த நேரத்தில் கறிச்சட்டியைக்கூட யாரும் கிளறமாட்டார்களாம், சத்தம் கேட்குமென்று.

மிரெயாவுக்கும் அவள் அக்கா நெலிதாவுக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. இருபத்தோரு வருடம் ஒரே வீட்டில், ஒரே விறகடுப்பின் முன்னால் இருந்தார்கள். எண்பத்தாறாம் வருடம், தன் ஐம்பத்திரண்டாவது வயதில், நீரிணைக்கு அந்தப் பக்கம் பொர்வெனிரில் கம்பளி மூட்டை எடைபோடும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு நெலிதா படகேறிப் போய்விட்டாள். கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. மாப்பிள்ளை நல்ல மனுஷர்.

அதன்பிறகு மிரெயாவுக்குத் தூக்கம் போயிற்று. கெட்டிலில் இரண்டு பேருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பாள். காகிதத்தைப் பிடித்தால் விரல் நடுங்கியது. ஜூன் மாதத்தில் ஒருநாள் நண்பகலில், ஒரே தாளில் மேலும் கீழுமாக இருந்த இரண்டு சேதிகளை மாற்றி வாசித்துவிட்டாள். ரொசெந்தோ என்பவனின் தாய் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்தச் சேதி எலிசேயோ என்ற மேய்ப்பனின் பெயரில் போயிற்று. மாலையில் வானொலி நிலையத் தலைவர் தொன் அன்செல்மோ தானே திருத்தி வாசித்தார். ரொசெந்தோ நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். எலிசேயோ மட்டும் அதற்குள் குதிரையில் கிளம்பிவிட்டான்.

மறுநாள் மதியம் பனி அப்பிய கம்பளிப் போர்வையோடு அவன் நிலையத்தில் வந்து நின்றான்.

“சேஞோரா மிரெயா நீங்கதானா?” என்று மரியாதையாகக் கேட்டான்.

“ஆமாப்பா.”

“எங்கம்மா சாகக் கெடக்கலை. அடுப்புகிட்ட உக்காந்து ரொட்டியில ஜாம் தடவித் தின்னுக்கிட்டிருக்கா. என்னப் பாத்ததும், ‘என்னடா, வேலைய விட்டுத் தொரத்திட்டானா’ன்னு கேக்குறா.”

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அவன் காதுமடல் இரண்டும் குளிரில் கன்றிப்போயிருந்தன. மிரெயாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“கொஞ்ச நாளைக்குப் பழைய இசைத்தட்டுகளை அடுக்குங்க, மிரெயா. தண்டனையின்னு நெனைக்காதீங்க” என்றார் தொன் அன்செல்மோ. அவள் அப்படித்தான் நினைத்தாள்.

அந்த வாரத்தில் பங்கு டாக்ஸியில் வேலைக்குப் போகும்போது ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

“சேஞோரா, வானொலியில ஆளை மாத்திக் கொன்னுட்டீங்களாமே?”

பின்னிருக்கையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

“நிறுத்துங்க” என்றாள் மிரெயா.

“இன்னும் இருபது தெரு இருக்கே.”

“கால் இருக்கு. நிறுத்துங்க.”

அங்கே ஜூன் நடுக்குளிர்காலம், ஒன்பது மணிக்குத்தான் விடியும். இருட்டில், கடற்கரைச் சாலையில், முகத்தில் அறையும் காற்றில் கோபத்தோடு நடந்தாள். இரண்டு தடவை விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நிலையத்துக்கு வந்தபோது மூக்கு ஒழுகியது, சாக்ஸ் நனைந்திருந்தது, காதுக்குள் இரைச்சல். ஆனால் அந்த அரைமணி நேரம் நெலிதாவையோ எலிசேயோவின் காதுகளையோ நினைக்கவில்லை என்பது இசைத்தட்டுகளை அடுக்கும்போதுதான் உறைத்தது.

மறுநாளும் நடந்தாள். ஓட்டுநரிடம் முகம் கொடுக்கக் கூடாது என்ற வீம்புதான் காரணம். அவரும் பக்கத்தில் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டே, “ஏறிக்கங்க சேஞோரா, நாக்குல சனி, தெரியாமச் சொல்லிட்டேன்” என்று மூன்று நாள் கெஞ்சினார். நான்காம் நாள் அவள் கையை மட்டும் ஆட்டினாள். கோபம் போயிருந்தது. நடை நிற்கவில்லை.

அக்காவின் கல்யாணம் அவள் கையில் இல்லை. வேலை தொன் அன்செல்மோவின் கையில். தூக்கம் யார் கையிலோ. ஆனால் எட்டு மணிக்குக் கதவைச் சாத்துவது அவள் கையில் இருந்தது. காற்று தள்ளினால் எந்தக் காலை எங்கே ஊன்றுவது என்பதும் அவள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆகஸ்டுக்குள் அந்தச் சாலை அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது: துருப்பிடித்த இறங்குதுறையில் வரிசையாக நிற்கும் நீர்க்காகங்கள், வலை உலர்த்தும் கிழவரின் மூன்று நாய்கள், விடியும்போது எதிர்க்கரையில் தெரியும் ரோஜா நிறக் கோடு. சனிக்கிழமைகளில் நடை முடிந்து சதுக்கத்துப் பக்கம் போய், கொத்துக்கறி தடவிய ரொட்டியும் வாழைப்பழப் பாலும் நின்றபடியே சாப்பிடுவாள். பசி திரும்பி வந்திருந்தது. ஓர் இரவு படுத்தவள் எப்போது தூங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவளுக்குப் பதிலாக வாசித்த பெண் ரயில் ஓட்டுகிற மாதிரி வாசித்தாள். பண்ணைகளிலிருந்து புகார்க் கடிதங்கள் வந்தன. தொன் அன்செல்மோ கூப்பிடட்டும் என்று மிரெயா காத்திருக்கவில்லை. செப்டம்பரில் ஒரு காலை, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் அவர் அறைக்குப் போனாள்.

“நாளையிலிருந்து நான் வாசிக்கிறேன்.”

“கை நடுக்கம்?”

“போயிருச்சு. திரும்ப வந்தா நானே வந்து சொல்றேன், நீங்க கண்டுபிடிக்கணும்னு இல்ல. ஒண்ணு மட்டும் கேக்குறேன். ஒவ்வொரு சேதியையும் ரெண்டு தடவை வாசிப்பேன்.”

“நேரம் போதாதே.”

“ஒரு பாட்டைக் கொறைங்க.”

அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “முகமே மாறியிருக்கே, மிரெயா. ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?”

“நடக்குறேன்” என்றாள்.

அந்த வசந்தத்திலிருந்து எல்லாச் சேதியும் இரண்டு தடவை வந்தது. முதல் தடவையில் பெயரைப் பிடித்துக்கொள்வார்கள், இரண்டாம் தடவையில் விஷயத்தை. குழந்தை பிறந்த சேதியை மூன்றாவது தடவையும் வாசித்துவிடுவாள் என்று கேலி பேசுவார்கள். பிறகு பண்ணைகளுக்குக் கைபேசி வந்தது, சேதி நேரமும் நின்றுபோயிற்று. இன்றும் நண்பகலானால், “சேஞோரா மிரெயா நேரம்” என்று முணுமுணுக்கிற கிழவர்கள் இருக்கிறார்கள்.

எழுபத்தாறு வயதிலும் மிரெயா நடந்தாள். கடற்கரைச் சாலைக்கு சிமெண்ட் நடைபாதையும் பெஞ்சுகளும் வந்துவிட்டன. அவளுக்கு அந்தப் பழைய சேறுதான் பிடித்திருந்தது. காற்றில்லாத நாள் அங்கே அபூர்வம். அப்படி வாய்த்தால் வழக்கமான இடத்தில் திரும்பாமல், ஆறு கடலில் விழும் இடம்வரை போய், கொஞ்சநேரம் நின்றுவிட்டு வருவாள்.