பாப்பா கிழக்கே இறங்கிய நாள்

சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி மலைக்குப் போகிறோம் என்று அப்பா சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்து லயத்தில் குடியிருந்த நாங்கள் ஊர் சுற்றிப் பார்க்க என்று எங்கேயும் போனதே கிடையாது. அம்மாவுக்கு மார்கழியிலிருந்து விடாத இருமல். வரும் மழைக்காலத்தைத் தாங்கமாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டது பெரியவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவளே எழுந்து புளிச்சோறு கட்டினாள். பாப்பா என்று நாங்கள் கூப்பிட்ட என் மூன்று வயதுத் தங்கைக்குப் புதுக் கவுன் மாட்டிவிட்டாள். எனக்குப் புதுசு இல்லை. அன்றைக்கு எனக்கிருந்த குறை அது ஒன்றுதான்.

குமுளியிலிருந்து நடை. காடு முடிந்ததும் மொட்டைப் புல்மேடுகள். காற்று ஆளைத் தள்ளியது. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை அம்மா உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். ஆனாலும் பாப்பாவை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. அப்பா கையை நீட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தார்.

சேர ராஜா கட்டியது என்று சொல்லப்பட்ட கோயில் உச்சியில் இடிந்த கல்மண்டபமாகக் கிடந்தது. கிழக்கே கம்பம் பக்கத்திலிருந்தும் சனம் ஏறி வந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் அம்மாவின் அக்காவும் பெரியப்பாவும் நின்றார்கள். அவர்களுக்குப் பிள்ளையில்லை. எதேச்சையாகப் பார்த்துக்கொண்டோம் என்று நம்பி, பாப்பாவோடு புல்சரிவில் உருண்டு விளையாடப் போய்விட்டேன்.

கும்பிட்டு முடிந்ததும், சந்தனம் பூசிய அம்மனுக்கு எதிரே, அம்மா பாப்பாவைப் பெரியம்மா மடியில் உட்காரவைத்தாள்.

"இனி இவ உன் பிள்ளை, அக்கா. சளி புடிச்சா மட்டும் தலைக்கு ஊத்திராத."

யாருக்கு எதைக் கொடுத்தாலும் உன்னுதுன்னு நெனச்சுக்கோ என்று சொல்வது அம்மாவின் வழக்கம். இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

சாப்பிட்டதும் அவர்கள் இறங்கக் கிளம்பினார்கள். பாப்பா பெரியப்பா தோளில் இருந்தாள். விருந்துக்குப் போகிறாள் என்றார் அப்பா. கம்பத்தில் சினிமாக் கொட்டகை உண்டு. நானும் போவேன் என்று பெரியம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவளும் வரட்டுமே என்று பெரியப்பா மெதுவாகச் சொன்னார்.

அம்மா என் முதுகில் ஓங்கி அறைந்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததேயில்லை. அடித்த கையாலேயே இழுத்து வயிற்றோடு இறுக்கிக்கொண்டாள். எனக்கு மூச்சு முட்டியது.

பாப்பா சிரித்துக்கொண்டே கையாட்டிப் போனாள். அவர்கள் பாதிச் சரிவு இறங்குவதற்குள் மஞ்சு ஏறி வந்து பள்ளத்தாக்கை மூடிவிட்டது. பொழுது சாய்கிறது, இறங்குங்கள் என்று காவலர்கள் சனத்தை விரட்டத் தொடங்கினார்கள். அப்பா இரண்டு தடவை கூப்பிட்டார். அம்மா அசையவில்லை.

"இருங்க. இன்னும் தல தெரியுது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளையைத் தவிர அங்கே எதுவும் இல்லை. அம்மாவுக்கு என்னைவிடக் கண் கூர்மை என்று நினைத்துக்கொண்டேன்.