இஞ்ஞாசியின் அசையாத வானம்

எங்கள் தெருவில் இஞ்ஞாசியைப் போல ஓரிடத்தில் நிற்கத் தெரியாத மனிதர் வேறு யாருமில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து வாசல்வரை போய் வருவார். மாதா கோயிலில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது வெளியே உலாத்திக்கொண்டு சுருட்டுப் பிடிப்பார். அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த தொழிலோ ஊராரை அசையாமல் உட்கார வைப்பது. சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ நடத்தினார். அதை ஒட்டியே, படங்களுக்குச் சட்டம் போடும் என் கடை.

கேமராவின் மூடியைக் கழற்றினால் அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரம்தான் அவருக்குக் கணக்கு. நல்ல வெயிலென்றால் பாதி மந்திரம், வானம் மப்பாக இருந்தால் முழு மந்திரம். அதற்குள் யாராவது ஆடிவிட்டால் படத்தில் முகம் இழுபட்டுப் போகும். "ஆடிட்டீங்க, கெட்டுப்போச்சு!" என்று அவர் போடும் சத்தம் என் கடைவரை கேட்கும்.

உட்காருபவர்களுக்குப் பின்னால் ஒரு சீனர் எழுதிக் கொடுத்த திரை தொங்கும். மலை, காடு, மரமெல்லாம் தேங்காய்த் துருவல் கொட்டியது போலப் பனி. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு எரிச்சல் வரும்.

"பூராவும் பொய், பாய். நெசப் பனிய ஒரு தடவையாச்சும் பிடிச்சுட்டு வரணும். இல்லேன்னா என்ன போட்டோக்காரன் நான்?"

1908 டிசம்பரில் அதற்கு ஒரு வழி பிறந்தது. மரங்களை ஆராயும் டச்சுக்காரர் ஒருவர் இமயமலைக் காடுகளுக்குப் போகிற வழியில் சிங்கப்பூரில் இறங்கினார். கூட வந்த போட்டோக்காரர் காய்ச்சலில் விழுந்து ஊர் திரும்பிவிட்டாராம். பகலில் பனிக்காட்டையும் இரவில் அதன்மேல் வானத்தில் மின்னும் வெள்ளிகளையும் எடுக்க ஆள் வேண்டும். அவர் கடைத்தெரு மலாயில் சொன்னது இதுதான்: "சனிக்கிழமை எனக்குக் கல்கத்தாவுக்குக் கப்பல். அதற்குள் இங்கே ராத்திரி வானத்தை எடுத்துக் காட்டு. எடுத்துவிட்டால் உன்னைக் கூட்டிப் போகிறேன்."

மழைக்காலத்தில் இந்த ஊர் வானத்தைத்தான் உங்களுக்குத் தெரியுமே. பொழுது சாய்ந்தால் மூடிக்கொள்ளும். இஞ்ஞாசி கடைக்கும் ரோட்டுக்குமாக நடந்து நடந்து என் உயிரை வாங்கினார். அவர் மனைவி பிரிஜட் என் கடை வாசலில் வந்து நின்றாள்.

"அந்தக் குளிருக்குப் போனா இவரு உசிரோட திரும்பி வருவாரா பாய்? போகக் கூடாதுன்னுதான் நான் வேண்டிக்கிறேன்."

வியாழக்கிழமை மழை விட்டு வானம் வெளுத்தது. இருட்டியதும் இருவருமாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு எமிலி குன்றில் ஏறினோம். கிழக்கே மூன்று வெள்ளிகள் வரிசையாகக் கிளம்பியிருந்தன. மூடியைக் கழற்றிவிட்டு, நூற்றைம்பத்து மூன்று மணி ஜெபமாலை முழுவதையும் சொல்லி முடித்தார். அத்தனை நேரமும் அந்த மனிதர் காலைக்கூட மாற்றி வைக்கவில்லை! எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

இந்த ஊர்ச் சூட்டுக்குப் படம் பதிந்த கண்ணாடித் தகட்டின் பூச்சு இளகிவிடும் என்று ஐஸ் தண்ணீரில் வைத்துக் கழுவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒவ்வொரு வெள்ளியும் மேலிருந்து கீழாக ஒரு கோடு.

"ஆடிருச்சு!" தலையில் அடித்துக்கொண்டார். "நீங்கதான் பக்கத்துல நடந்தீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நானா? கொசு கடிச்சதுக்குக்கூட கையத் தூக்கலண்ணே நான்."

பிரிஜட் எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு? மழை பேயிற மாதிரி. அப்படியே கொண்டுபோய்க் குடுங்க."

"ஆடுன படத்தக் காட்டி மானம் போகவா? நீ சும்மா இரு."

கல்யாணப் பெண்களின் அம்மைத் தழும்பைப் படத்தில் மறைக்க அவர் வைத்திருந்த சின்னக் கத்தியை எடுத்தார். ஒவ்வொரு கோடாகச் சுரண்டினார். அந்த இடங்களில் மெல்லிய தூரிகையால் புள்ளி வைத்தார். படம் போட்டுப் பார்த்தபோது ஒவ்வொரு வெள்ளியும் பொட்டு வைத்தாற்போல் அசையாமல் நின்றது. நானே சபாஷ் என்றேன்.

வெள்ளிக்கிழமை டச்சுக்காரர் அதைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"இது தூரிகை வேலை. வானம் நகர்கிறது. இத்தனை நேரம் திறந்து வைத்தால் வெள்ளிகள் கோடாகத்தான் விழும்."

"துரை, கோடுதான் விழுந்தது! நான்தான் சுரண்டினேன்!"

"இருக்கலாம். மலையிலும் அதைத்தானே செய்வாய்?"

இன்னும் ஒரே ஒரு ராத்திரி தரச்சொல்லி இஞ்ஞாசி கெஞ்சினார். அவரும் சரியென்றார். அன்றைக்கு விடிய விடிய மழை. காலையில் கப்பல் போய்விட்டது.

அதற்குப் பிறகு இஞ்ஞாசியின் கால் ஓய்ந்தது. படம் எடுத்துக்கொள்ள வருபவர்கள் உட்காரும் நாற்காலியில் அவரே உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார், சோறு வைத்தால் ஒரே மூச்சில் சாப்பிட்டு முடிப்பார். வந்தவர்கள் ஆடினாலும் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. எப்போதும் வம்பு செய்கிற பிள்ளை காய்ச்சலில் படுத்துவிட்ட வீடு போல இருந்தது எங்கள் தெரு.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு சாயங்காலம் நான் கடை சாத்திக்கொண்டிருந்தேன். பிரிஜட் வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு போகாம இருக்கணும்னு எத்தனை ஜெபமாலை சொன்னேன் தெரியுமா பாய்?"

"தெரியும்மா. அதான் போகலையே."

அவள் ஸ்டூடியோப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். விளக்குக்கூட ஏற்றாமல் அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"அடுத்த கல்கத்தாக் கப்பல் எப்பன்னு விசாரிச்சு வாங்க பாய். இவரு இப்படி ஆடாம அசையாம உக்காந்திருக்கிறத என்னால பாக்க முடியல."