லீவு சார் தூக்கிய பிள்ளை

தலைமைச் செயலகத்தில் லிஃப்ட் கதவு மூடுவதற்குள் செருப்பு நுனியை உள்ளே நீட்டிவிடுவார். கதவு திறந்துகொள்ளும். உள்ளே நிற்கும் அதிகாரி முகம் சுளிப்பதற்குள், "அஞ்சாவது மாடி வரைக்கும்தான் சார், ஒரே நிமிஷம்" என்று ஆரம்பித்துவிடுவார். பெஞ்சில் காத்திருக்கும் பழக்கமே அவருக்குக் கிடையாது. "ரூமுக்குள்ள பார்த்தா மனுவை வாங்கி ஓரமா வச்சிடுவாங்க. லிஃப்டுக்குள்ள எங்க வைப்பாங்க?" என்பார்.

தொழிற்சங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தை பிறந்தால் அப்பாவுக்கும் ஒரு மாதம் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்று நாயாய் அலைந்தார். மந்திரி மாறினால் புது மந்திரியிடம் முதலிலிருந்து பேசுவார். விடாக்கண்டன்! கடைசியில் சட்டம் வந்தேவிட்டது. தெருவே 'லீவு சார்' என்று கூப்பிட ஆரம்பித்தது. மனிதருக்கு உச்சி குளிர்ந்துதான் போனது.

அந்த லீவை அவர் மகனே எடுக்கவில்லை என்பதுதான் கூத்து. மருமகளுக்கு ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். பாவம், எழுந்து உட்காரவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் வீடு வந்த மறுநாளே மகன் பையை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டான்.

"சட்டம் இருக்குடா!"

"இருக்குப்பா. 'என்னடா, நீயா பால் குடுக்கப் போறே?'ன்னு ஆபீஸ் வேன்ல சிரிப்பாங்களே, அதுக்கு எந்தச் சட்டத்தைக் காட்டுறது?"

மந்திரியையே மடக்கியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மனைவி சும்மா விடுவாரா? "நம்ம பிள்ளைங்களை நீங்க ஒரு நாளாவது தூக்கிட்டுத் தெருவுல நடந்திருக்கீங்களா? சிரிக்கிறவங்கள்ல நீங்களும் ஒருத்தர்தானே." லீவு சாருக்குச் சுருக்கென்றது.

மறுநாளிலிருந்து, காலை வெயில் காட்டுகிறேன் என்று பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். முதல் நாள் பின்தெருவில்தான் நடந்தார். எதிரே சைக்கிள் வந்ததும் பிள்ளையைத் துண்டால் மூடிவிட்டார். மந்திரி போகும் லிஃப்டுக்குள் நுழையக் கூசாத மனிதர்! அப்புறம் வீம்பு வந்துவிட்டது. மகனின் ஆபீஸ் வேன் நிற்கும் தெருமுனைக்கே போய் நிற்கத் தொடங்கினார்.

"என்ன சார், வீட்ல பொம்பளைங்க யாரும் இல்லையா?" என்று மகனோடு வேலை பார்ப்பவன் ஒருவன் கேட்டான்.

"இருக்காங்களே. தூங்குறாங்க."

"நனைச்சிட்டா என்ன பண்ணுவீங்க?"

"துணி மாத்துவேன். உங்கப்பா உனக்கு மாத்தியிருந்தா இப்படிக் கேக்க மாட்டே."

முனையில் எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். மகன் மட்டும் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நேற்று வேன் வந்து நின்ற நேரத்தில் பிள்ளை வீறிட்டது. லீவு சார் தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார்; அடங்கவில்லை. படியில் ஒரு காலை வைத்துவிட்ட மகன் இறங்கி வந்து, எல்லோர் முன்னாலும் பிள்ளையை வாங்கி நெஞ்சோடு சாய்த்துக்கொண்டான். அழுகை விசும்பலாகி நின்றது. வேனுக்குள் யாரோ ஏதோ சொன்னார்கள். மகனுக்குக் காது சிவந்தது. ஆனாலும் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார்.

மகன் தோளிலிருந்த ஆபீஸ் பையை லீவு சார் மெல்லக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, வேனைப் பார்த்துப் போகலாம் என்று கையை அசைத்தார்.