சரண்யாவுக்கு யார் பாஸ் போட்டது?

ஐயா, நான் எழுதிய முடிவை நீங்கள் மாற்றினீர்கள். தேறவில்லை என்று நான் எழுதிய பெண்களை உங்கள் அறையில் உட்கார்ந்தபடியே தேற வைத்தீர்கள். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு இந்த ஐயா யாரென்று தெரியாது. மைசூரில் உள்ள தொழிற்பயிற்சி மையங்களுக்குத் தேர்வாளர்களை அனுப்பும் ஒரு நிறுவனத்தின் தலைவர் அவர். பயிற்சி முடித்தவர்களுக்கு, நாடு முழுவதற்கும் பொதுவாக வகுத்த தரப்படி வேலை தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் அந்த நிறுவனத்தின் பொறுப்பு. நான் கோவை கணபதியில் லேத் ஓட்டியவன். பட்டறையை மூடியதும் இங்கே ஹெப்பாளில் ஒரு கம்பெனிக்கு, கம்ப்யூட்டர் சொல்படி ஓடும் சி.என்.சி. மெஷினுக்கு செட்டராக வந்தேன். மனைவிக்குக் கோவையில் வேலை. நான் விஜயநகரில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். சில ஞாயிற்றுக்கிழமைகளில் டீக்கடையில் 'ஒந்து டீ' என்று சொன்னதைத் தவிர வாயே திறந்திருக்க மாட்டேன். லீவு நாளில் தேர்வாளராகப் போக ஒப்புக்கொண்டதற்குப் பாதிக் காரணம் அதுதான். நாலு மனிதர்களோடு பேசலாம் அல்லவா.

இந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி.' கொஞ்சம் ஒத்துப்போங்கள் என்று அர்த்தம். பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் மூன்றாவது ஆள் இதைச் சொல்லிக்கொண்டே உட்காருவார். ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர்கள் முகம் சுளிக்காமல் நகர்ந்து கொடுப்பார்கள். வந்த புதிதில் எனக்கு அது விநோதமாக இருந்தது. எங்கள் பக்கம் என்றால் அதற்கே ஒரு சண்டை நடந்திருக்கும். போகப் போக எனக்கு அது பிடித்துவிட்டது. முன்பின் தெரியாத ஒருவன் உரிமையோடு தோளை ஒட்டி உட்காருவது, தனியாக இருப்பவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

ஒரு லீவு நாளில் நான் தேர்வு நடத்தப்போன பயிற்சி மையத்தில் ஒரே ஒரு சி.என்.சி. லேத் இருந்தது. நான் எங்கே போனாலும் முதலில் மெஷினுக்கு அடியில் இருக்கும் தட்டைத்தான் பார்ப்பேன். இரும்பு சீவச் சீவச் சுருள் சுருளாக அதில்தான் விழும். எவ்வளவு கூட்டினாலும் மூலையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு போகாது. இங்கே தட்டு சோறு போட்டுச் சாப்பிடலாம் போலச் சுத்தமாக இருந்தது. மெஷின் கதவில் தசராவுக்கு வைத்த குங்குமம் அழியாமல் இருந்தது. ஓடுகிற மெஷினில் கை படுகிற இடத்தில் குங்குமம் அத்தனை மாதம் நிற்காது.

வந்திருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். எழுத்துத் தேர்வில் வெளுத்து வாங்கினார்கள். கம்ப்யூட்டரில் புரோகிராமைத் தப்பில்லாமல் அடித்தார்கள். அவர்களில் சரண்யா என்று ஒரு பெண், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம். நான் செல்போனில் மனைவியோடு பேசியதைக் கேட்டுவிட்டு, "ஏனுங்ணா, நீங்க கோயமுத்தூருங்களா? எங்கூட்லயும் இப்படித்தான் பேசுவோம்" என்று ஓடி வந்தாள். எத்தனையோ மாதம் கழித்து, எதிரில் நின்ற ஒரு ஆளிடம் என் வாய்க்கு வந்த தமிழில் பேசினேன்.

அவள் முறை வந்ததும் மெஷின் முன்னால் நிறுத்தி, செட்டிங் போடச் சொன்னேன். கருவி இரும்பை எந்த இடத்தில் தொடுகிறது என்று மெஷினுக்குப் பழக்குவதுதான் செட்டிங். அதில் பிசகினால் கருவி நேராகப் போய், இரும்பைக் கவ்விச் சுற்றிக்கொண்டிருக்கும் பிடியில் மோதும். சரண்யா பொத்தான்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"போடு கண்ணு, பயப்படாத."

"இது ஓடி இன்னிக்குத்தானுங்ணா பாக்கறேன். நாங்க தொடைக்கறதுக்குத்தான் இதத் தொட்டிருக்கோம்."

மற்றவர்களும் அதையேதான் கன்னடத்தில் சொன்னார்கள். அந்தக் கட்டடத்துக்கு இந்த மெஷினை ஓட்டுகிற அளவுக்கு மின் இணைப்பே இல்லை. தேர்வுக்காக அன்று காலையில்தான் வாடகை ஜெனரேட்டர் வந்து இறங்கியிருந்தது.

மையத்தை நடத்துபவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மைசூர்பாகு டப்பாவை மேசையில் வைத்து, "ஊட்ட லேட் ஆய்த்து, அதக்கே கோபமா சார்?" என்று கேட்டார். சாப்பாடு தாமதமானதால்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். இந்தப் பிள்ளைகளுக்கு மெஷின் தெரியாது என்றேன். "பாப சார், ஹுடுகீரு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார். பாவம், பெண் பிள்ளைகளாம். பஸ்ஸில் கேட்டால் நகர்ந்து உட்காருவேன். சுற்றுகிற இரும்பின் முன்னால் ஒரு பெண்ணை நிறுத்துவதற்கு எப்படி நகர்வது? தேறவில்லை, நிஜ மெஷினில் மறுபயிற்சி கொடுத்து மறுபடி தேர்வு வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கணபதியில் எனக்கு யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. முதலாளி ஒரு இரும்பு ராடையும் வரைபடத்தையும் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து அளந்து பார்த்தார், நாளைக்கு வா என்றார். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அங்கே விரல் போனவனுக்காகக் கேட்பார் இல்லை. பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் நாட்டுக்கொரு பொதுத் தரம் வேண்டும் என்கிறேன். அதில் எழுதியிருப்பது அத்தனையும் சரி. ஒவ்வொருவரும் தன் கையால் செட்டிங் போட வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது.

சில வாரம் கழித்து எங்கள் கம்பெனி கேன்டீனில் யாரோ முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். புதுச் சீருடையில் சரண்யா.

"ரொம்ப நன்றிங்ணா! மூஞ்சிய அப்படி வெச்சுட்டுப் போனீங்க, ஆனா எல்லாத்துக்கும் பாஸ் போட்டுட்டீங்களே!"

சோற்றைப் பாதியில் வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு நேராக செக்‌ஷன் இன்சார்ஜிடம் போனேன். இந்தப் பெண்ணுக்குப் பழக்கம் இல்லை, இரண்டு மாதம் என்னோடு நிற்கட்டும் என்றேன். "சர்டிபிகேட் இதெயல்லா?" என்று கேட்டார். சான்றிதழ்தான் இருக்கிறதே என்கிறார். ஆளில்லாமல் மெஷின் சும்மா நிற்பது அவர் கவலை. நான் வேறு ஷிஃப்டில் இருந்த ஒரு நாள், அவளைத் தனியாக நிறுத்தினார்கள். கருவி பிடியில் போய் மோதியது. கதவு மூடியிருந்ததால் அவளுக்கு அடிபடவில்லை. அன்றே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

சில நாள் கழித்து, பாக்கிச் சம்பளம் வாங்க வந்தவளைக் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் பார்த்தேன். பயிற்சி மையத்தில் மறுபடி சேர்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொள் என்றேன்.

"கேட்டுட்டேனுங்ணா. நீதான் பாஸாச்சே, பாஸானவங்களுக்கு மறுக்கா சீட்டு இல்லேங்கறாங்க." பிறகு, "நீங்க பெயில்தான் போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா கண்ணு."

"அந்தப் பெயிலையே வுட்டிருக்கலாமுல்லீங்ணா" என்றாள். ஹனூர் பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

அன்றுதான் உங்களுக்குப் போன் செய்தேன், ஐயா. மூன்று தலைமுறையாக மைசூரில் இருக்கும் தமிழர் நீங்கள். தமிழிலேயே பதில் சொன்னீர்கள். "நீங்க கோயம்புத்தூர் கணக்குல பாக்கறீங்க சார். நான்தான் மாத்தினேன், இல்லேங்கல. பேட்ச் பெயிலானா சென்டரையே மூடிடுவாங்க. அப்புறம் பசங்க எங்க போவாங்க, ஹேளுங்க? பிடி சார்." சொல்லுங்கள் என்று கேட்டு, கன்னடத்திலேயே விட்டுவிடச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு என்னைத் தேர்வுக்குக் கூப்பிடவில்லை. தமிழ்க்காரன் வந்து நம் பிள்ளைகளைக் கெடுக்கப் பார்த்தான் என்று மையத்தில் பேச்சாம். ஊருக்குப் போனால், நம்ம பக்கத்துப் பேச்சுப் பேசுகிற பெண்ணையே பெயில் போட்டாயே என்று அண்ணன் கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பேச்சில்லாமல் கழிகிறது. ஹெப்பாளில் கம்பெனி வாசல்களில் ஆபரேட்டர் தேவை என்று பலகை தொங்குகிறது. ஆபரேட்டர் என்று சான்றிதழ் வாங்கிய பெண் ஹனூரில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

பசங்க எங்கே போவார்கள் என்று என்னைக் கேட்டீர்கள். அதை நான் உங்களிடம் கேட்கிறேன். சரண்யாவுக்கு எந்த மெஷினில், எதைப் பார்த்துப் பாஸ் போட்டீர்கள்? அந்தப் பாஸை ரத்து செய்து, அவளுக்கு நிஜ மெஷினில் இடம் வாங்கித் தருவீர்களா, மாட்டீர்களா? எனக்குப் போனில் சொல்ல வேண்டாம். நான் எழுதிய இந்தத் தமிழை அவளால் படிக்க முடியாது, அவள் படித்தது கன்னடப் பள்ளிக்கூடம். அதனால் பதிலைக் கன்னடத்தில் எழுதுங்கள். கீழே உங்கள் பெயரைப் போட்டு, எல்லாரும் பார்க்கிற மாதிரி அந்த மையத்தின் வாசலில் ஒட்டுங்கள்.