அவர் பங்குச் சோறு

என் கணவர் வேலைக்குப் போன சரக்குத் தோணி கொழும்பிலிருந்து கிளம்பிவிட்டதாகத் தந்தி வந்த மறுநாள், துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். எழுபதுகளின் நடுவில் ஒரு நவம்பர் கடைசி. நான் தலைப்பிரசவத்துக்குத் தூத்துக்குடியில் அம்மா வீட்டுக்கு வந்து, பெண் பிள்ளை பெற்று, இன்னும் பச்சை உடம்போடு இருந்தேன். புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்திருந்தாலும் தோணிகள் எல்லாம் பழைய துறைமுகத்தில்தான் வந்து நிற்கும். எங்கள் மாடிப்படியில் ஏறினால் பாய்மரங்கள் தெரியும். எந்த மரம் எந்தத் தோணியுடையது என்று எனக்கு அத்துப்படி.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா குசினியில் உலை வைத்தாள். அப்பா முன்பே இறந்துவிட்டார். எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் கைக்குழந்தையிலேயே காய்ச்சலில் போய்விட்டதால் நான் ஒரே பிள்ளை. வீட்டில் சோறு தின்கிறவர்கள் நானும் அம்மாவும்தான். அவள் மூன்று பேருக்கு அரிசி போட்டாள்.

"யாருக்கும்மா?" என்றேன்.

"உன் மாப்பிள்ளைக்கு. கடலுக்குப் போனவன் வர நேரம் தப்பிட்டுன்னா அவன் பங்குக்கும் ஆக்கணும். பொழுது சாயுத வரைக்கும் வரலன்னா அதை அவன் பொஞ்சாதிதான் சாப்பிடணும். வேற ஆள் தொடக் கூடாது. மிச்சம் வச்சா அவன் வழி மாறிரும்."

"உன் பங்கோட சேத்து அதையும் நீ திங்கணும்" என்று கூடுதலாக ஒன்று சொன்னாள். "இதை வெளிய யார்ட்டயும் சொல்லாத, பலிக்காது."

நான் கன்னியர் பள்ளியில் பத்தாவது வரை படித்தவள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தினமும் செபமாலை சொல்கிற வீட்டில் இது என்ன கூத்து என்று கேட்டேன். அம்மா விறகைத் தள்ளிவிட்டாள்.

"செபமும் சொல்லு, சோறும் தின்னு" என்றாள்.

புயல் அடித்து ஓய்ந்தது. கூண்டை இறக்கினார்கள். தோணி முதலாளியின் ஆபீஸில் கணக்கு எழுதுகிற அண்ணாச்சி, குடையை மடக்காமலே வாசலில் நின்று சொன்னார்: "கூடக் கிளம்பின தோணி ரெண்டும் வந்துட்டும்மா. நம்ம தோணியும் வந்துரும்." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, தொட்டிலைப் பார்த்தார்.

அன்று சாயங்காலமும் அம்மா இரண்டு பங்குச் சோற்றை ஒரே தட்டில் குவித்து என் முன்னால் வைத்தாள். யாரும் கடலுக்குப் போகாததால் மீன் இல்லை, கருவாட்டுக் குழம்புதான். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு நான் அள்ளுகிற ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டைக்குள் இறங்கவில்லை. தண்ணீர் குடித்துத் தண்ணீர் குடித்துத் தள்ளினேன். புருஷன் பிழைத்துக் கிடக்கிறானா என்று தெரியாதபோது ஒருத்தி வயிறு புடைக்கத் தின்பதைப்போல அசிங்கம் உலகத்தில் கிடையாது என்று தோன்றியது. அதைச் செய்யவைக்கிற அம்மாவை வெறுத்தேன். பிள்ளை மட்டும் ஒன்றும் தெரியாமல் குடித்துக் குடித்துக் கொழுத்துக்கொண்டிருந்தது.

இப்படியே நாள்கள் போயின. நான் மாடிப்படிக்கும் வாசலுக்கும் அலைந்தேன். தெருவில் என்னைக் கண்டதும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த நிறுத்தம் புயலைவிட மோசம்.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்தாள். திருச்செந்தூர்ப் பக்கம் கரையில் பலகை ஒதுங்கியிருக்கிறதாம். கேட்டதும், தகவல் விசாரிக்க வந்திருந்த என் கொழுந்தன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். அம்மா வாசலை மறித்து நின்றாள்.

"சாப்பிட்டுட்டுப் போ."

"பொழுது சாயலயே, இன்னும் நேரம் இருக்குல்லா!"

"இன்னைக்கு இப்பவே சாப்பிடு."

அவள் வைத்த தட்டை நான் காலால் தள்ளினேன். சோறு தரையில் சிதறியது. அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. குனிந்து கூட்டி அள்ளினாள். பானையில் மீதியிருந்ததைப் போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் வைத்தாள்.

"அப்ப அவன் வழி மாறட்டும்ங்கியா? சொல்லுளா. வாயைத் திறந்து சொல்லு, நான் பானையைக் கவுத்திருதேன்."

எந்தத் தாயாவது இப்படிக் கேட்பாளா? நான் உட்கார்ந்தேன். அழுதுகொண்டே, மூக்கைச் சிந்திக்கொண்டே, ஒரு பருக்கை விடாமல் தின்றேன். தின்று முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. இருட்டுகிற நேரத்தில் கொழுந்தன் திரும்பிவந்து, அது ஏதோ பழைய மீன்பிடி வள்ளத்துப் பலகை, நம் தோணிப் பலகை இல்லை என்றான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மாவோடு பேசவில்லை.

அவர் ஒரு சாயங்காலம் வந்தார். முன்னால் யாரும் வந்து சொல்லவில்லை. தாடியும், வெடித்த உதடும், யாரோ கொடுத்த சட்டையுமாக வாசலில் நின்றார். பாய்மரம் ஒடிந்து, காற்று தோணியை இழுத்து இலங்கைக் கரையில் கற்பிட்டிப் பக்கம் கொண்டுபோய்த் தள்ளியிருந்தது. மரத்தைச் சரிபண்ணிக்கொண்டு வர இத்தனை நாள். பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சோறு இருக்கா?" என்றார்.

இல்லை. அவர் பங்கை அப்போதுதான் நான் தின்று முடித்திருந்தேன். பானையைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்புப் பக்கம் உட்கார்ந்தவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உலை வைத்தாள்.

சொன்னது பலித்துவிட்டது என்று நானும் நம்பினேன். ஆனால் வாசலை மறித்து அவள் கேட்ட கேள்வி மட்டும் என் மனதில் முள்ளாகக் கிடந்தது. அம்மா செத்த பிறகும் கிடந்தது.

பல வருடம் கழித்து, அன்றைக்குத் தொட்டிலில் கிடந்த மகள், தன் தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்தாள். மருமகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில் அவரிடமிருந்து பேச்சுமூச்சு இல்லை. கப்பல் கம்பெனியிலும் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. மகள் தொலைபேசியின் பக்கத்திலேயே சுருண்டு படுத்துவிட்டாள். நான் யோசிக்கவே இல்லை. என் கை தானாக ஒரு பங்கு அரிசியைக் கூடுதலாகப் போட்டது. வாய் தானாக அம்மா சொன்னதையெல்லாம் ஒப்பித்தது. மகள் என் மகளாயிற்றே, தட்டைத் தள்ளினாள்.

பிள்ளையைப் பார்க்க வந்திருந்த சித்தி, அம்மாவின் தங்கை, என் பின்னாலேயே குசினிக்குள் வந்தாள்.

"இதென்னளா புது முறை? யாரு சொன்னா?"

"அம்மாதான். கடலுக்குப் போனவங்களுக்கு நம்ம ஊர்ல…"

"நம்ம ஊர்ல அப்படி ஒண்ணுமே கிடையாது" என்றாள் சித்தி. சொல்லிவிட்டு மகள் படுத்திருந்த அறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"உனக்கு முன்னால ஒண்ணு பொறந்துச்சுல்லா. அப்பவும் உங்கப்பன் தோணி வரல. உங்கம்மா மாதா படத்துக்கு முன்னால விழுந்தவதான், பச்சத்தண்ணி குடிக்கல. நாங்க எவ்வளவோ கெஞ்சினோம். பால் வத்திப் போச்சு. பசும்பாலைத் தண்ணி கலந்து ஊத்தினோம், பிள்ளைக்குச் சேரல. காய்ச்சல்னு வெளிய சொன்னோம்." சேலைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "உங்கப்பன் வந்துட்டான்ளா. பிள்ளைதான் இல்ல."

நான் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூடு தெரியவில்லை. பிள்ளைக்காகச் சாப்பிடு என்று அம்மா சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. புருஷனுக்காக என்றால் தின்பேன் என்பதும் தெரிந்திருந்தது. வெளியே சொன்னால் பலிக்காது என்று வாயையும் கட்டிவிட்டிருந்தாள், கெட்டிக்காரி. எனக்கு அப்போதே அவளைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது. அவள் மண்ணுக்குள் போய் எத்தனையோ வருடம்.

அறைக்குள் பேரன் சிணுங்க ஆரம்பித்தான். நான் சோற்றை மறுபடி போட்டு எடுத்துக்கொண்டு போய் மகளின் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவள் சிவந்த கண்ணோடு என்னைப் பார்த்தாள்.

"நிசமாவா சொல்லுதீங்க? மிச்சம் வச்சா வழி மாறிருமா?"

"மாறிரும்" என்றேன். "சாப்பிடு."