ஜெசிந்தா சொல்லிக்கொடுத்த ஆட்டம்

போன வாரம் கடலூரில் எங்கள் அலுவலக ஓய்வறையில் பில்லியர்ட்ஸ் மாதிரி குச்சியால் பந்தடிக்கும் ஒரு பூல் மேஜையைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சுற்றி நின்ற இளவட்டங்கள், "மேடம், ஒரு ஷாட் அடிங்க" என்று குச்சியை என் கையில் திணித்தார்கள். குச்சி முனையில் தேய்க்கும் நீலச் சாக்பீஸ் தூள் விரலில் ஒட்டியது. "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா" என்றேன். சொல்லி முடித்ததும் முகம் சுட்டது. இதே பொய்யை முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

அப்போது அண்ணாமலை நகரில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தேன். பண்ருட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டிலிருந்து விடுதிக்கு வந்த முதல் பெண் நான்தான். தனியார் மகளிர் விடுதியில் என் அறைத்தோழி ஜெசிந்தா. கடலூர்க்காரி, அம்மா நர்ஸ். அவள் அண்ணன் புதுச்சேரியில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தான். அங்கிருந்த பூல் மேஜையில் லீவு நாட்களில் அவளுக்கு ஆடப் பழக்கியிருந்தான். அது தெரிந்ததிலிருந்து நான் அவளை விடவில்லை. சிதம்பரத்தில் ஒரு மாடியில் பூல் பார்லர் திறந்திருந்தார்கள். "போலாம்டி, போலாம்டி" என்று பத்து நாள் நச்சரித்தேன். "பொம்பளப் புள்ளைங்க யாரும் வர்றதில்லடி அங்க" என்று தயங்கியவள் அவள்தான்.

கடைசியில் போனோம். ஏசிக் குளிரோடு கலந்த பழைய சிகரெட் வாடை. இன்றைக்கும் மூடிய அறை எதிலாவது அந்த வாடை வந்தால் என் இடது கை தானாக விரிகிறது. கேரம் சுண்டிப் பழகிய கை எனக்கு. குச்சியை உலக்கை மாதிரி பிடித்தேன். ஜெசிந்தா சிரிக்கவில்லை. இடது கையை மேஜைமேல் விரித்து, கட்டை விரலைத் தூக்கி, அந்தச் சந்தில் குச்சியை ஓடவிடச் சொன்னாள். "குத்தாதடி, வழுக்கி விடு. பந்து கிளம்புனாலும் கைய நிறுத்தாத, பின்னாடியே போவட்டும்." வெள்ளைப் பந்தை மட்டும்தான் குச்சியால் அடிக்கலாம், அது போய் மற்றதைக் குழிக்குள் தள்ள வேண்டும். முதல் நான்கு நாளும் என் வெள்ளைப் பந்துதான் தவறாமல் குழியில் விழுந்தது. ஐந்தாம் நாள் ஒரு சிவப்புப் பந்து 'டொக்' என்று ஓரக் குழிக்குள் இறங்கியது. இருவரும் கட்டிக்கொண்டு குதித்தோம். எந்தத் தேர்வு முடிவிலும் எனக்கு அப்படியொரு சந்தோஷம் கிடைத்ததில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு மாமா வந்தார். அம்மாவின் தம்பி; சிதம்பரத்தில் இன்வெர்ட்டர், பேட்டரி வியாபாரம். பார்லரின் இன்வெர்ட்டர் பழுதென்று கூப்பிட்டிருக்கிறார்கள். விடுதியில் எனக்கு கார்டியனாகக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

"இங்க என்னா பண்ற நீ?"

குச்சி என் கையில்தான் இருந்தது. அதை மேஜைமேல் போட்டேன். "இவதான் மாமா கூட்டியாந்தா. வேணாம்னுதான் சொன்னேன். எனக்கு இதெல்லாம் என்னான்னே தெரியாது."

ஜெசிந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு விநாடிதான். பிறகு மாமாவிடம், "ஆமாம் அங்கிள், நான்தான் கூட்டியாந்தேன்" என்றாள்.

மாமா நேராக விடுதிக்கார அம்மாவிடம் போனார். "நம்ம புள்ள சூதுவாது தெரியாதது. அந்தப் பொண்ணோட சேக்காதீங்க." மறுநாளே ஜெசிந்தாவை அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கும்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். கட்டிலில் புத்தகத்தை விரித்துவைத்துப் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். எத்தனை பக்கம் புரட்டினேனோ, ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை. மிச்ச வருஷம் முழுக்க அவள் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோனாள். முதல் வகுப்புக்குப் பாதி நாள் வந்துசேர முடியாது. வருகைப் பதிவில் அவள் பெயரைக் கூப்பிட்டு, பதில் வராத அந்த இடைவெளியில் நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஊரில் மாமா என் ஒழுக்கத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த மாடியில் இப்போது டைல்ஸ் கடை. மாமாவும் இல்லை, அவரிடம் உண்மையைச் சொல்லாமலே அனுப்பிவிட்டேன். ஜெசிந்தாவை இரண்டு வருஷத்துக்கு முன் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடை வாசலில் பார்த்தேன். "ஜெசி, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். அவள் சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு.

"அதெல்லாம் எப்பவோங்க. வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?"

நல்லா இருக்காங்க என்றேன். "வரேங்க" என்று ஸ்கூட்டியைக் கிளப்பினாள். வார்த்தைக்கு வார்த்தை 'டி' போட்டவள்.